சின்னவன் பல் பிடுங்கி வந்த பிறகு

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர் யாரானாலும் குளித்த பிறகுதான் சோபாவில் உட்காரலாம். உடுத்திப் போன துணி நேராக வாஷருக்குள் போகவேண்டும். நோயாளியைப் பார்க்கப் போனோமா, நாமே ஊசி போட்டுக்கொண்டோமா என்பதெல்லாம் கேள்வியே இல்லை. ஈரோட்டில் என் வீட்டிலும் இப்படித்தான், கோயமுத்தூரில் என் மனைவி வீட்டிலும் இப்படித்தான். இப்போது குடியிருக்கிற ஃப்ரீமான்ட்டில் எங்கள் இருவருக்கும் கருத்து வேறுபாடே இல்லாத மிகச் சில விஷயங்களில் இதுவும் ஒன்று. அந்தச் சட்டத்தை நான் ஒரு பூனைக்கும் பொருத்தினேன். அதன் பலனை இரண்டு மாதம் அனுபவித்தோம்.

எங்களிடம் இரண்டு ஆண் பூனைகள். ஒரே ஈற்றில் பிறந்தவை. மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது விலங்குக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்தோம். ஒன்று மட்டும் போதும் என்றுதான் போனேன். அங்கிருந்த பெண்மணி, கொடுத்தால் இரண்டையும் சேர்த்துத்தான் கொடுப்போம், இவை பிரிந்தால் சாப்பிடாது என்று சொல்லி, அதற்கென்று தனியாக ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். அவற்றுக்கு மகள் வைத்த பெயர்கள் வேறு. நாங்கள் கூப்பிட்டது பெரியவன், சின்னவன் என்று. கூண்டிலிருந்து முதலில் வெளியே வந்த கறுப்பன் பெரியவன். அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வந்த சாம்பல் வரிக்காரன் சின்னவன். ஆறு வருடம் இருவரும் ஒரே வட்ட மெத்தையில், எது யாருடைய கால் என்று தெரியாதபடி தூங்கினார்கள். சின்னவன் தலையைப் பெரியவன் நக்கிவிடுவான். நக்கி முடித்ததும் காதைக் கடிப்பான். சின்னவன் அதையும் பொறுத்துக்கொள்வான்.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவன். இந்த நாட்டுக்கு வந்த தினத்திலிருந்து ஒரு நாளும் விட்டதில்லை. நாளுக்கு நான்கைந்து வரி: வெயிலா மழையா, என்ன வாசித்தேன், யார் வந்தார்கள், யாரோடு பேசினேன். ஆகவே இங்கே சொல்கிற நாட்கணக்கு, கடைசிப் பத்து நாள் தவிர, எதுவும் ஞாபகத்திலிருந்து வந்ததில்லை. எல்லாம் நோட்டில் இருக்கிறது. நோட்டில் இருப்பதுதான் எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

முதல் நாள் செப்டம்பர் மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை. சின்னவனுக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை. காலை ஏழரைக்குக் கால்நடை மருத்துவமனையில் விட்டுவிட்டு மாலை நான்கரைக்குக் கூட்டிவந்தேன். மயக்க மருந்து இன்னும் முழுதாகத் தெளியவில்லை. முன்னங்காலில் ஊசி ஏற்றுவதற்காக ஒரு பட்டை ரோமத்தைச் சிரைத்திருந்தார்கள். ஸ்பிரிட், மருந்து, பயந்துபோன வேறு நாய் பூனைகளின் வாடை எல்லாம் அவன்மேல் கலந்து அடித்தது. கதவைத் திறந்ததும் என் கை கால்கள் தாமாகவே வேலை செய்தன. கூண்டை கராஜில் வைத்து ப்ளீச் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சின்னவனை வெந்நீரில் குழந்தை ஷாம்பூ ஒரு சொட்டு விட்டு நனைத்த துண்டால் தலைமுதல் வால்வரை துடைத்தேன். அவன் தள்ளாடிப் போய் வட்ட மெத்தையில் படுத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவன் நேராக மெத்தையில் படுத்துவிட்டானே என்று மெத்தையை உருவி வாஷரில் போட்டேன். பாதி வேலையில் எதற்கு நிறுத்தவேண்டும் என்று சோபா விரிப்பு, பூனைகள் ஏறி விளையாடும் ஏணியின் மேலுறைகள், அவர்கள் படுக்கிற என் பழைய போர்வை, ஜன்னல் திண்டு எல்லாவற்றையும் போட்டேன். இரண்டு நடை ஓடியது. அன்றைய நோட்டில் இருப்பது இது: "சின்னவன் நலம். இரண்டு பல். எல்லாம் துவைத்தாகிவிட்டது."

பெரியவன் மாடியில் தூங்கிவிட்டு அப்போதுதான் இறங்கி வந்தான். வழக்கம்போல் தம்பியின் தலையை நக்கப் போனவன் பாதியில் நின்றான். முகர்ந்தான். ஓரடி பின்னால் போனான். பிறகு வாயைப் பிளந்து சீறினான். ஆறு வருடத்தில் அந்தச் சத்தம் வேக்குவம் கிளீனருக்கு மட்டுமே கிடைத்திருந்தது.

என் மனைவி சிரித்தாள். "பாருங்க, பல்லு புடுங்குனதுல தம்பிய அடையாளமே தெரியல இவனுக்கு."

நானும் சிரித்தேன். அந்த வரியும் நோட்டில் இருக்கிறது.

மறுநாள் காலை ஐந்தே முக்காலுக்கு ஒரு குழந்தையைக் கிள்ளினதுபோல ஓர் அலறல். நாங்கள் இறங்கி வருவதற்குள் இருவரும் ஒரே பந்தாகி மாடிப்படி வழியாக உருண்டுகொண்டிருந்தார்கள். கறுப்பும் சாம்பலுமாக ரோமம் படிதோறும் கிடந்தது. சின்னவன் பயத்தில் சிறுநீர் கழித்திருந்தான். ஆறு வருடம் தன் காதைக் கடிக்கக் கொடுத்தவன் அண்ணனைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து உறுமினான். பெரியவன் வால் பாட்டில் பிரஷ் மாதிரி ஆகியிருந்தது. அவன் கண்ணில் இருந்தது கோபம்கூட இல்லை. யாரோ அந்நியன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான் என்கிற பார்வை.

மருத்துவமனைக்கு போன் செய்தேன். நர்ஸ் பொறுமையாகக் கேட்டாள். இது அடிக்கடி நடப்பதுதான், பூனைகள் ஒன்றையொன்று அறிவது கண்ணால் இல்லை, வாசனையால் என்றாள். ஒன்றாகத் தூங்கி, ஒன்றையொன்று நக்கி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு வாசனை இருந்திருக்கும். இப்போது வந்தவனிடம் அது இல்லை. ஒரு நாள் இரண்டு நாள் தனி அறையில் வையுங்கள், இருவரும் படுத்த பழைய மெத்தையைக் கொடுங்கள், வாசனை தானாக ஒட்டிக்கொள்ளும் என்றாள்.

"மெத்தையைத் துவைத்துவிட்டேன்" என்றேன்.

சரி, போர்வை ஏதாவது?

"அதையும்."

விரிப்பு? ஏணி?

எல்லாம் துவைத்தாகிவிட்டது என்றேன். பிறகு, துவைக்காத ஏதாவது ஒரு துணி இருக்கிறதா பாருங்கள் என்றாள். வீடு முழுக்கத் தேடினேன். எங்கள் வீட்டில் துவைக்காத துணி என்று ஒன்றுகூட இல்லை. சுத்தம் சோறு போடும் என்பார்கள். எங்களுக்கு அது இரண்டு தனித்தனிச் சோற்றுத் தட்டுகளைப் போட்டது.

சின்னவனை மாடியில் மகளின் காலி அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம். அவள் சான் டியேகோவில் கல்லூரியில் இருந்தாள். பெரியவன் கீழே. இத்துடன் நின்றிருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் என் தொழில் நடுவில் வந்தது.

நான் பக்கத்து ஊரான மில்பிடாஸில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதனை செய்கிறவன். இருபத்தைந்து வருடமாக இதே வேலை. ஒரு குறை சரியாகிவிட்டதா என்று தெரியவேண்டுமானால் அதே நிலைமையைத் திரும்ப உண்டாக்கி, திரும்ப வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒரு தடவை வரவில்லை என்றால் போதாது. காலையில் பார், மாலையில் பார், குறித்து வை. நாள்தோறும் காலை ஆறுக்கும் மாலை ஐந்தரைக்கும் மகளின் அறைக் கதவைத் திறந்தேன். மூன்றாம் நாள் காலை: சீறல். மாலை: சண்டை, பத்து நொடி. நான்காம் நாள் காலை: உறுமல், துரத்தல். ஐந்தாம் நாள்: இரண்டு வேளையும் சண்டை. எனக்குக் குழப்பமாகவும் எரிச்சலாகவும் இருந்தது. வாசனை ஒட்டிக்கொள்ளும் என்றாளே, ஏன் நாளுக்கு நாள் மோசமாகிறது? இணையத்தில் தேடினால் ஒருவர் வெனிலா எசன்ஸ் தடவு என்கிறார், இன்னொருவர் மீன் தண்ணீர் தெளி என்கிறார். மூன்றாமவர் பூனைகளின் ஆன்மாவைப் பற்றி எழுதியிருக்கிறார். எத்தனையோ உள்நாட்டுப் போர்களின் வரலாற்றை வாசித்திருக்கிறேன். நேற்றுவரை ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்தவர்கள் எப்படி வெட்டிக்கொண்டார்கள் என்பது எந்தப் புத்தகத்திலும் எனக்குச் சரியாக விளங்கியதில்லை. என் வீட்டுக் கூடத்திலும் விளங்கவில்லை.

ஒன்பதாம் நாள் மாலை நடுவில் கை விட்டேன். ஒருபோதும் செய்யக்கூடாதது அது என்று நோட்டில் நானே எழுதி வைத்திருந்தேன். சின்னவன் பல் என் மணிக்கட்டில் இறங்கியது. மருத்துவர் எடுத்தது போக மிச்சம் இருந்த பற்கள் நன்றாகவே வேலை செய்தன. கை வீங்கியது. அர்ஜென்ட் கேர் போய் ஊசியும் மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வாசலிலேயே மனைவி நின்றாள்.

"நீங்களும் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்திருக்கீங்க. மொதல்ல குளிச்சிட்டு வாங்க. இல்லீன்னா என்னையும் உங்களுக்கு அடையாளம் தெரியாமப் போயிரும்."

வலியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. குளித்துவிட்டு வந்தேன்.

பதினைந்தாம் நாள் நான் அலுவலகத்திலிருந்து வரும்போது அவள் சாப்பாட்டு மேசையில் என் நோட்டை விரித்து வைத்து உட்கார்ந்திருந்தாள். முப்பது வருடத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. "நீங்க எழுதறது எனக்குப் புரியாது" என்று சொல்கிறவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிக்கிற குரலில் படித்தாள்.

"'காலை ஆறு. கதவு திறந்தேன். சீறல்.' 'மாலை ஐந்தரை. கதவு திறந்தேன். சண்டை.' 'காலை ஆறு பத்து. கதவு திறந்தேன். சண்டை, கடுமை.' ஏனுங்க, அவன மேல அடச்சப்புறம் நீங்க கதவத் தொறக்காம சண்டை நடந்தது ஒரு நாளாவது இருக்குதா இதுல?"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். இல்லை. ஒன்றுகூட இல்லை.

"அது சரியாச்சான்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றேன்.

"புண்ணு ஆறுச்சான்னு பொருக்கப் பிச்சுப் பிச்சுப் பாத்தா எப்படீங்க ஆறும்?"

ஆத்திரம் வந்தது எனக்கு. அவள்மேல் இல்லை, என்மேலும் இல்லை, அந்த நோட்டின்மேல். பதின்மூன்று நாளாக ஒவ்வொரு சண்டையையும் நானே கூட்டிவைத்து, நேரம் குறித்து, கீழே கோடும் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு சண்டையும் அடுத்ததற்கு இன்னொரு காரணம். முதல் நாள் பெரியவனுக்கு இருந்தது ஒரு சந்தேகம்தான். பதினைந்தாம் நாள் இருவருக்கும் நிஜமான பகை இருந்தது.

அன்று போனில் மகளிடம் சொன்னேன். "ஓ மை காட், அப்பா. யூ வேர் டெஸ்டிங் தெம்?" என்றாள். பிறகு அவள் அம்மா, வீட்டில் துவைக்காத துணி ஒன்றுகூட இல்லாமல் போய்விட்ட கதையைச் சொன்னாள். மறுமுனையில் மகள் குறுக்கிட்டாள்.

"ஐ ஹேவ் த க்ரே ஹூடி."

ஆகஸ்டில் போகும்போது அவள் ஒரு சாம்பல் நிற ஹூடியை, தலைமூடி வைத்த மேல்சட்டையை, எடுத்துப் போயிருந்தாள். இருவரும் கோடை முழுவதும் அதன்மேல் படுத்துத் தூங்கியிருந்தார்கள். ரோமமாக இருக்கிறது, துவைத்து எடுத்துப் போ என்று அம்மாவும் மகளும் அன்றைக்கே சண்டை போட்டிருந்தார்கள்.

"அத நீ இன்னும் தொவைக்கலையா?" என்றாள் என் மனைவி. "ரெண்டு மாசமா?"

"அம்மா, ஐ மிஸ் தெம். இட் ஸ்மெல்ஸ் லைக் தெம்."

"ரெண்டு மாசமா, ஒரு தடவகூடவா?"

"டூ யூ வான்ட் இட் ஆர் நாட்?"

பத்தொன்பதாம் நாள் பார்சல் வந்தது. பிளாஸ்டிக் பையில் கட்டி, மேலே பெரிய எழுத்தில் துவைக்காதே என்று ஆங்கிலத்தில் எழுதி, அதைச் சுற்றி மூன்று கோடும் போட்டிருந்தாள். மனைவி அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினாள். "இப்படி ஒரு துணிய எங்கம்மா பாத்திருந்தா என்னையும் சேத்து வெளிய போட்டிருப்பாங்க" என்றாள். பிறகு துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்து முதுகின் நடுவே நேராக வெட்டினாள். ஒரு பாதி மாடிக்கு, ஒரு பாதி கீழே. பெரியவன் தன் பாதியை வெகுநேரம் முகர்ந்தான். பிறகு அதன்மேல் ஏறி, முன்னங்கால்களால் மாவு பிசைவதுபோலப் பிசைந்து, படுத்தான். மூன்று வாரத்தில் அவன் உடம்பைத் தளர்த்திப் படுத்ததை அன்றுதான் பார்த்தேன். நோட்டை எடுக்கப் போனேன். மனைவி பார்த்த பார்வையில் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நிர்வாகம் அவள் கைக்குப் போனது. கதவைத் திறப்பதில்லை. மூடிய கதவின் இரண்டு பக்கமும் உப்பில்லாமல் வேகவைத்த கோழி. தட்டுகளை நாளுக்கு ஒரு சாண் கதவுக்குப் பக்கத்தில் நகர்த்துவாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை ஹூடியின் பாதிகளை இடம் மாற்றுவாள். நர்ஸிடம் பேசுவதும் அவள்தான். கதவுக்குப் பதிலாகக் கம்பித் தடுப்பு, அதன்மேல் ஒரு துணி, பிறகு துணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குவது என்பது திட்டம். யாராவது ஒருவன் சீறினால் மூன்று நாள் பின்னால் போகவேண்டும். பின்னால் போனோம். திரும்பவும் போனோம். இதைவிடப் பொறுமையைச் சோதித்த எதையும் நான் என் வேலையில் பார்த்ததில்லை. ஒரு வாரம் முன்னேறி ஒரே ஒரு சீறலில் தொலைப்பது. நான் படியேறும்போது ஒரு கதவு, இறங்கும்போது ஒரு கதவு. இரண்டு மலத்தொட்டி, இரண்டு தண்ணீர்க் கிண்ணம். சின்னவனோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கீழே பெரியவன் கத்துவான். இறங்கி வந்தால் மேலே இவன் கதவைப் பிறாண்டுவான். சொந்த வீட்டில் இரண்டு குடித்தனத்துக்கு இடையே தூது போகிறவனாக ஆனேன்.

இந்த வேகம் போதாது என்பதுதான் பிரச்சினை. நவம்பரில் கோயமுத்தூரில் என் மனைவியின் அண்ணன் மகளுக்குக் கல்யாணம். இருவரும் மூன்று வாரம் போவதாக டிக்கெட் எடுத்திருந்தோம். நாங்கள் ஊருக்குப் போகும்போதெல்லாம் இரண்டு வீடு தள்ளியிருக்கிற ஒரு தெலுங்கு ஆன்ட்டி வந்து பூனைகளுக்குச் சோறு வைப்பார். கம்பித் தடுப்பையும் என் மணிக்கட்டையும் பார்த்துவிட்டு, இது என்னால் ஆகாது என்று கும்பிட்டுவிட்டார். விலங்கு விடுதியில் விட்டால் மறுபடி அந்நிய வாசனை, மறுபடி முதலிலிருந்து.

என் அலுவலகத்தில் வயதில் இளைய நண்பர் ஒருவர் மில்பிடாஸிலேயே குடியிருக்கிறார். அவர் மனைவிக்குப் பூனை வளர்க்கவேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. முப்பத்து நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இருவரும் வந்தார்கள். நான் கூப்பிடவில்லை. என் மனைவி கூப்பிட்டிருந்தாள். மாடி அறைக் கட்டிலில் நண்பரின் மனைவி உட்கார்ந்ததும் சின்னவன் நேராக அவர் மடியில் ஏறி, குர்ர் என்று சத்தம் எழுப்பிக்கொண்டு கண்ணை மூடினான். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அங்கிள், இவன எங்களுக்கே குடுத்துடுங்க. ப்ராமிஸ், ராஜா மாதிரி வெச்சுக்கறோம். நீங்க எப்ப வேணா வந்து பாக்கலாம்."

நண்பர் தன் மனைவியை அடக்கினார். "ஏய், பொண்ணு கேக்க வந்த மாதிரி பேசாத. அவர் முகத்தப் பாரு."

அவர்கள் போன பிறகு நாங்கள் சண்டை போட்டோம். பூனைகள் அமைதியாக இருந்தன.

"குடுத்தர்லாங்க" என்றாள். "நல்ல வீடு. அவன் அங்க சந்தோசமா இருப்பான். இங்க என்ன இருக்கான்? ஒரு ரூமுக்குள்ள ஜெயில்ல கெடக்கறான்."

"ரெண்டையும் பிரிக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்."

"பிரிச்சாச்சுங்க. ஒரு மாசமாச்சு பிரிச்சு. அதுவும் நீங்கதான் பிரிச்சீங்க."

அது உண்மை. உண்மை என்பதால்தான் தாங்க முடியவில்லை. கையெழுத்தெல்லாம் ஒரு சாக்கு. நான் துவைக்காமல் இருந்திருந்தால், கதவைத் திறக்காமல் இருந்திருந்தால், சின்னவன் இன்று அண்ணன் வயிற்றில் தலை வைத்துப் படுத்திருப்பான். நான் கெடுத்ததற்கு அவன் வீட்டை விட்டுப் போகவேண்டுமா? இதை அப்படியே சொல்ல எனக்கு வரவில்லை. "நான் கல்யாணத்துக்கு வரல. நீ மட்டும் போய்ட்டு வா" என்று சொன்னேன்.

அவள் போனைக் கையில் எடுத்தாள். பிறகு, "எங்கண்ணன்கிட்ட என்ன சொல்லட்டும்? ரெண்டு பூனைக்கும் பேச்சுவார்த்தை இல்லை, அதனால அவர் வரலைன்னா?" என்றாள்.

அண்ணனிடம் அப்படித்தான் சொன்னாள். மறுநாளே மச்சான் போன் செய்தார்.

"ஏனுங்க மாப்ள, மாடு கன்னு போடுதுன்னு கல்யாணத்துக்கு வராதவங்களப் பாத்திருக்கறன். பூனைக்குப் பஞ்சாயத்துப் பண்ணோணும்னு வராத மொத ஆளு நீங்கதானுங்க. பத்திரிகைல உங்க பேரு போட்டாச்சே, அதுக்குப் பக்கத்துல பூனை படம் ஒண்ணு போட்டர்லாங்களா?"

"மச்சான், அப்படி இல்லைங்க..."

"எப்படி இல்லீங்க? உள்ளதச் சொல்லுங்க, நாங்க ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டமா?"

கேலி அந்த இடத்தில் நின்றுபோனது. அவர் நிஜமாகவே வருத்தப்பட்டிருந்தார். தன் முதல் பெண் கல்யாணத்துக்குத் தங்கை புருஷன் வரவில்லை என்றால் ஊரில் அதற்கு ஆயிரம் காரணம் கற்பிப்பார்கள். அதில் ஒன்றுகூடப் பூனையாக இருக்காது. நான் திரும்பத் திரும்ப விளக்கினேன். விளக்க விளக்க எனக்கே அது பொய் மாதிரி கேட்டது.

நாற்பத்தெட்டாம் நாள் அவளை ஏர்போர்ட்டில் விட்டேன்.  இறங்கும்போது, "கோழி ஃப்ரீசர்ல எட்டு டப்பா இருக்குது. துணிய ஒரு விரக்கடைக்கு மேல தூக்காதீங்க. எதையும் எழுதாதீங்க" என்றாள். கல்யாணத்துக்கு நான் கொடுக்கவேண்டிய பட்டுச் சேலை அவள் பெட்டியில் இருந்தது.

அதன் பிறகு பூனைகளைப் பற்றி நான் எழுதவில்லை. நாட்கணக்கு மட்டும் தலையில் ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்த முடியாது. ஐம்பத்து மூன்றாம் நாள் தடுப்பின்மேல் துணி இல்லாமல் இருவரும் எதிரெதிரே சாப்பிட்டார்கள். ஐம்பத்தாறாம் நாள் தடுப்பையே எடுத்தேன், கையில் ஒரு தலையணையைத் தயாராகப் பிடித்துக்கொண்டு. பெரியவன் ஜன்னலுக்குப் போனான். சின்னவன் மாடிப்படிகளில் நாலாவதில் உட்கார்ந்துகொண்டான். எட்டடி இடைவெளி. ஒருவன் நகர்ந்தால் மற்றவன் நகர்ந்து அந்த எட்டடியைக் காப்பாற்றினான். அரை மணி கழித்துப் பிரித்துவைத்தேன். மறுநாள் ஒரு மணி நேரம். நான் சமையலறைக்குக்கூடப் போகவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் முகூர்த்தம். அங்கே வியாழக்கிழமை காலை ஆறரை, இங்கே புதன்கிழமை மாலை ஐந்து. நேரலையில் பார்க்கச் சொல்லி மச்சான் இணைப்பு அனுப்பியிருந்தார், "நீங்களும் உங்க பசங்களும் பாருங்க" என்ற குறிப்போடு. வேஷ்டி கட்டிக்கொண்டு, லேப்டாப்பை டிவியில் இணைத்து, ஒலியைக் கூட்டி வைத்து உட்கார்ந்தேன். பெரியவன் ஜன்னலில், சின்னவன் படியில். திரையில் என் மனைவி முன்வரிசையில் தெரிந்தாள். அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை, அல்லது யாரையும் உட்கார விடவில்லை. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பின்னால் எல்லோரும் அட்சதையோடு எழுந்து நின்றார்கள். ஐயர் கையை உயர்த்தினார். அடுத்த நொடி டிவியிலிருந்து கெட்டிமேளம் இடித்தது.

இரண்டு பூனைகளும் ஒரே நேரத்தில் காற்றில் எழும்பின. ஒன்று ஜன்னலிலிருந்து, ஒன்று படியிலிருந்து, இரண்டும் ஒரே சோபாவுக்கு அடியில் பாய்ந்து மறைந்தன.

எனக்கு உயிரே போய்விட்டது. பயந்துபோன இரண்டு பூனைகள், முன்னங்கை நீளம்கூட இல்லாத இடம். முடிந்தது, ஐம்பத்தெட்டு நாளும் போயிற்று என்று நினைத்தேன். டிவியை நிறுத்தத் தோன்றவில்லை. தலையணையோடு தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைக் கம்பளத்தில் வைத்து உள்ளே பார்த்தேன். நான்கு கண்கள் தெரிந்தன. நான்கும் டிவி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெரியவனின் விலாவும் சின்னவனின் விலாவும் ஒட்டியிருந்தன. இடமில்லாததால் ஒட்டியிருந்தன, வேறொன்றுமில்லை. இருவருக்கும் மூச்சு வேகமாக ஓடியது. உறுமலுக்காகக் காத்திருந்தேன். மேளம் நின்றது. உறுமல் வரவில்லை. பெரியவன் திரும்பித் தம்பியின் கழுத்தை முகர்ந்தான், நீளமாக, ஒரு தாளைப் படிப்பவன்போல. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நக்கவில்லை. சீறவுமில்லை. சின்னவன்தான் முதலில் வெளியே வந்தான்.

நான் எழுந்து உட்கார்ந்தபோது திரையில் எல்லோரும் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து மனைவியின் போனிலிருந்து, ஸ்பீக்கரில், மச்சான் அழைத்தார். பின்னால் பந்தி இரைச்சல்.

"தாலி கட்டுனதப் பாத்தீங்களா மாப்ள? அந்த நிமிசம் பாப்பா அழுதுபோட்டா. பாத்தீங்களா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வாரமாக இவரிடம் உண்மையைச் சொல்லித்தான் கெட்டேன்.

"பாக்கலைங்க மச்சான். அந்த நேரத்துல ரெண்டும் சோபாவுக்கு அடில ஓடிப்போச்சு. நான் கீழ படுத்துப் பாத்துட்டு இருந்தேன்."

 போன் கை மாறும் சத்தம் கேட்டது. "நீயே பேசு இந்த மனுசங்கிட்ட" என்று தூரத்தில் சொன்னார். மனைவி வந்தாள்.

"அடில ஒண்ணாவா போனாங்க?"

"ஒண்ணாத்தான்."

"சண்டை?"

"இல்ல."

"நெசமா?"

"நெசமா. ஆனா பழைய மாதிரி இல்ல. தம்பிய நக்கல."

பந்தியில் யாரோ அவளைப் பாயசத்துக்குக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டு என்னிடம், "சின்னவனக் குடுக்கலைன்னு மில்பிடாஸ்காரங்களுக்கு நானே சொல்லிக்கறேன், நீங்க எதையாச்சும் சொல்லிக் கெடுத்துப்போடாதீங்க" என்றாள். அண்ணன் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார், வந்தபிறகு நீங்களே பேசி அவரைச் சரிக்கட்டுங்கள், அது என் வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.